சென்சிட்டிவ் பேஷண்ட்

என் வீட்டுக்காரரின் கிட்னி எனக்கு ஒத்துவராது என்று டாக்டரம்மா சொன்ன அன்று, அவர் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு டீ வாங்கி, ஒரே ஒரு வாய் குடித்துவிட்டு மீதியைக் கீழே ஊற்றினார். டீயைக் கீழே ஊற்றுகிற ஆள் இல்லை அவர். கன்டெய்னர் ஏற்றுகிற டிரைலர் ஓட்டுகிறவர். எண்ணூர் ரோட்டில் துறைமுக கேட்டுக்காக வண்டிகள் வரிசையில் நிற்கும்போது, காலையில் வாங்கிய டீயை மத்தியானம் வரைக்கும் வைத்திருந்து குடிப்பவர்.

"ரத்தம் ஒரே குரூப்புன்னு சொன்னாங்க இல்ல? அப்பறம் இன்னாத்துக்கு வேணான்றாங்க?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கு என்ன தெரியும்? நான் எட்டாவதோடு நின்றவள். பரீட்சைக்குப் போகிற நாளெல்லாம் வாந்தி எடுப்பேன். ஒரு வருஷம் பார்த்தார்கள், அடுத்த வருஷம் அம்மா என்னை ராயபுரத்தில் ஒரு துணிக் கம்பெனிக்குப் பிசிறு வெட்டக் கூட்டிக்கொண்டு போய் விட்டாள். அதிலிருந்து தையல், தையலிலிருந்து கல்யாணம், கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டிலேயே பிளவுஸ் தைப்பது. இதுதான் என் படிப்பு.

டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது அதனுள் பாதி அப்பாவின் கூறு. அந்தப் பிள்ளையின் ரத்தம் துளித்துளியாகத் தாயின் ரத்தத்தில் சேரும். தாயின் உடம்பு, இது யாரோ வெளியாள் என்று அடையாளம் பார்த்து வைத்துக்கொள்ளும். அதற்கு ஓர் எதிர்ப்பைத் தயார் பண்ணி வைக்கும். பிள்ளையை ஒன்றும் செய்யாது. ஆனால் மறக்கவும் மறக்காது. எனக்கு முதலில் ஒரு பெண், கடைசியில் ஒரு பையன். நடுவில் ஒன்று கலைந்தபோது நிறைய ரத்தம் ஏற்றியிருந்தார்கள். அப்படி யார் யாரையோ என் ரத்தம் பார்த்து வைத்திருக்கிறது. அதில் என் வீட்டுக்காரருக்கு எதிரானதுதான் ரொம்ப அதிகமாம்.

இதை அக்காவிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அக்கா தண்டையார்பேட்டையில், கோடவுன்கள் இருக்கிற தெருவில் நாஷ்டா கடை வைத்திருக்கிறாள். மாமா போன பிறகு தனியாகத்தான் நடத்துகிறாள். லாரிக்காரர்களோடு பேசிப் பேசி அவள் குரல் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் வரை கேட்கும்.

"கல்யாணம் ஆனதுலருந்து சண்ட போட்டுகினு கீறீங்க. அது ரத்தத்துலயே இறங்கிட்சி போல" என்றாள்.

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. தன் கிட்னி வேண்டாம் என்றதை அவர் தன்னையே வேண்டாம் என்றதாக எடுத்துக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் அக்கா சிரிப்பை நிறுத்தினாள்.

"சரி உடு தம்பி. என்னுது கீதே. ரெண்டு வச்சிகினு நான் இன்னா பண்ணப்போறேன்? தோசக்கல்லுல ஊத்தப்போறேனா?"

அப்படித்தான் அக்கா கிட்னி கொடுப்பது என்று ஆனது. மாவுக்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு வார்த்தையில்.

அக்காவுக்கும் எல்லாச் சோதனையும் எடுத்தார்கள். என் ரத்தத்தில் அவளுக்கு எதிராகவும் கொஞ்சம் இருந்தது. ஆனால் குறைக்க முடிகிற அளவு என்றார்கள். டயாலிசிஸ் மாதிரியே ஒரு மெஷினில் போட்டு பிளாஸ்மாவை மாற்ற வேண்டும், மருந்து ஏற்ற வேண்டும், அப்புறம் ஆபரேஷன். இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு டாக்டரம்மா எங்கள் மூன்று பேரையும் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார்.

"இவங்க சென்சிடைஸ்ட் பேஷண்ட். மத்த பேஷண்ட் மாதிரி இல்ல. கூட இருக்கறவங்கதான் ரொம்பக் கவனமா பாத்துக்கணும்."

நாங்கள் மூன்று பேரும் தலையாட்டினோம். மூன்று பேர் காதிலும் விழுந்தது 'சென்சிட்டிவ்'.

அந்த வார்த்தை எங்களுக்குப் புதிது இல்லை. பல் கூச்சத்துக்கான பேஸ்ட்டில் போட்டிருக்கும். தேர்தல் வந்தால் எங்கள் தெருவுக்குக் கூடுதலாகப் போலீஸ் வரும்; கேட்டால் சென்சிட்டிவ் ஏரியா என்பார்கள். தொட்டால் பொறுக்காதது, லேசில் பற்றிக்கொள்வது. நான் அப்படித்தானே? கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வருகிறவள். பிள்ளைகள் வர ஐந்து நிமிஷம் தாமதமானால் தெருமுனையில் போய் நிற்கிறவள். போன் அடித்தாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறவள்.

"இத்த சொல்றதுக்கு டாக்டருக்குப் படிக்கணுமா?" என்றாள் அக்கா, வெளியே வந்ததும். "பல்லி கத்துனாலே தூங்க மாட்டா இவ. சின்ன வயசுலயே சென்சிட்டிவ்வு."

எனக்குக்கூட, ஒரு டாக்டர் ரத்தத்தைப் பார்த்தே என் சுபாவத்தைக் கண்டுபிடித்துவிட்டாரே என்று ஆச்சரியமாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து என் வீட்டில் யாரும் என்னிடம் எதையும் சொல்வதில்லை என்று ஆகிவிட்டது.

டி.வி.யில் நியூஸ் வந்தால் என் வீட்டுக்காரர் மாற்றிவிடுவார். பக்கத்துத் தெருவில் யாராவது தவறிப்போனால் எனக்குச் சொல்ல மாட்டார்கள். ஆனால் எங்கள் பக்கம் சாவை மறைக்க முடியுமா? மேளம் அடித்துக்கொண்டு, பட்டாசு வெடித்துக்கொண்டு, பூவை இறைத்துக்கொண்டு போவார்கள். ஒரு நாள் அப்படி ஓர் ஊர்வலம் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. இவர் லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடினார். ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நைனா, எங்க வூட்ல பேஷண்ட் கீறாங்க. சென்சிட்டிவ்வு. அந்த முனை வரிக்கும் கொஞ்சம் அடிக்காம போயிரு நைனா."

மேளக்காரன் இறந்தவரின் பிள்ளையைப் பார்த்தான். பிள்ளை தலையை ஆட்டினான். அத்தனை பேரும் செருப்புச் சத்தம் மட்டும் கேட்க எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார்கள். மேளத்தோடு போயிருந்தால் நான் கதவைச் சாத்தியிருப்பேன். சத்தமே இல்லாமல் ஒரு பாடை ஜன்னலைத் தாண்டியதைப் பார்த்து அன்றைக்கு முழுக்க நான் ஜன்னல் பக்கமே போகவில்லை.

வாடையைக்கூட மறைத்தார்கள். வடக்கே ஃபேக்டரிகள் இருக்கிற எண்ணூர்ப் பக்கத்திலிருந்து காற்று அடித்தால் சில நாள் தொண்டையைக் கமறுகிற ஒரு நாற்றம் வரும். திருவொற்றியூரில் இருக்கிற யாருக்கும் அது தெரியும். அப்படி வந்த ஒரு நாள் "இன்னா வாடை இது?" என்று கேட்டேன். அக்கா கண்ணில் தண்ணீர் வழிய, "ஒண்ணும் இல்லியே. எனக்கு ஒண்ணும் வர்லியே" என்றாள்.

பயந்த சுபாவம் உள்ளவர்களிடம் ஒன்றும் இல்லை என்று சொல்லக் கூடாது. ஏதோ இருக்கிறது என்றால் அந்த ஒன்றுக்குத்தான் பயப்படுவோம். ஒன்றும் இல்லை என்றால் எல்லாவற்றுக்கும் பயப்பட வேண்டியிருக்கும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அக்காவின் கிட்னியை என் வலது அடிவயிற்றில் வைத்தார்கள். ஆபரேஷன் மேஜையிலேயே புதுக் கிட்னியில் மூத்திரம் வந்துவிட்டது என்று டாக்டரம்மா சந்தோஷமாகச் சொன்னார். ரத்தத்தில் கழிவு எவ்வளவு என்று காட்டுகிற கிரியாட்டினின் மளமளவென்று இறங்கி, நல்லா இருக்கிறவர்களின் கணக்குக்கு வந்தது. டயாலிசிஸில் இருந்தவரை தண்ணீரை அளந்துதான் குடிக்க விட்டார்கள்; எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தேன். மூச்சு வாங்க, குற்றம் செய்கிற மாதிரி. அக்கா சீக்கிரமே கடைக்குப் போய்விட்டாள். கனமான பாத்திரம் தூக்கக் கூடாது என்றதற்கு, "பாத்திரத்த தூக்கல, நவுத்திகினு தான் போறேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். மாத்திரையைக் காலையிலும் சாயங்காலமும் நேரம் தவறாமல் போட்டேன். மாஸ்க் போட்டேன். வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்தேன். பெரிய டாக்டரம்மா அந்தச் சமயம் லீவில் இருந்தார். சின்ன டாக்டர்கள் ரிசல்ட்டைப் பார்த்து, "நல்லா இருக்கு, இதே மாத்திரை" என்று அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். கவுன்டரில் இவர்தான் நிற்பார். போன் நம்பரும் இவருடையதுதான் கொடுத்திருந்தோம்.

இரண்டு மாதம் தாண்டியிருக்கும். இனி மாதம் ஒரு தடவை வந்தால் போதும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதாக இவர் வந்து சொன்னார். இவர் போன் வந்தால் தெருவுக்குப் போய்ப் பேச ஆரம்பித்தார். பைக்குக்குப் பக்கத்தில் நின்று, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு. உள்ளே வந்ததும் "யாரு?" என்பேன். "கன்டெய்னர் யார்டு சூப்பர்வைசரு" என்பார். சூப்பர்வைசரிடம் பேசும்போது இவர் வாயை மறைக்க மாட்டார். அவன் குடும்பத்தையே இழுத்துத் திட்டுவார்.

நான் யோசித்தேன். வேறு பெண்ணா? இந்த வயசில் இவருக்கு யார் கிடைப்பாள்? வண்டி ஏதாவது இடித்துவிட்டதா? அக்காவுக்கு ஏதாவதா? இந்த மூன்றாவது வந்ததும் மற்ற இரண்டும் போய்விட்டன. அக்காவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது. மிச்சம் இருக்கிற ஒரு கிட்னியும் பழுதாகிவிட்டது. என்னால்தான். சொல்லாமல் வைத்திருக்கிறார்கள். தையல் மெஷினில் உட்கார்ந்தால் ஊசி துணியை விட்டு விலகி ஓடியது. எழுந்து, மாஸ்க்குக்கு மேல் இன்னொரு மாஸ்க் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

அக்கா கடையில் கூட்டம் ஓய்ந்த நேரம். தோசைக்கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாமே இது, கொள்ளக்காரி மாறி மூஞ்சிய மூடிகினு? வெயிலு மண்டைய பொளக்குது, தனியாவா வந்தே?"

"உனக்கு இன்னா ஆச்சு? மறைக்காம சொல்லு."

"எனக்கு இன்னா? கல்லு மாறி கீறேன்."

"அப்ப அவரு யார்கிட்ட தெருவுல நின்னு பேசறாரு?"

"ஆஸ்பத்திரிகாரங்க கிட்ட பேசிகினு இருந்திருப்பான். அதுக்கு இன்னா..." என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் ஏன் என்னிடம் பேசவில்லை? நான் அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அக்கா கல்லைச் சுரண்டினாள், ஒரு வாளித் தண்ணீரை ரோட்டில் விசிறினாள், பாத்திரத்தை இந்தப் பக்கம் வைத்தாள், அந்தப் பக்கம் வைத்தாள். கடைசியில் என் எதிரில் குந்தி உட்கார்ந்து சொன்னாள்.

கிட்னியில் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும், வந்து படுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். சொன்ன தேதிக்கு இவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. போன் மேல் போன் வருகிறது. ஊருக்குப் போயிருக்கிறோம், வீட்டில் விசேஷம் என்று இவர் ஏதேதோ சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறார். சொல்லிக்கொடுத்தது அக்கா.

"இன்னாத்துக்குக்கா?"

"இன்னாத்துக்கா? பயாப்சிமே! பயாப்சின்னா இன்னான்னு தெரியாதா உனுக்கு? பெரியப்பாவுக்கு இப்டித்தான் சத எடுத்து பாக்கறேன்னானுங்க. எடுத்த பிறவு மனுசன் தீபாவளி பாத்தாரா? கத்தி பட்டா பரவும்."

"அது கேன்சருக்கா."

"எதுவா இருந்தா இன்னா. நல்லா வேல செய்யிற கிட்னி. என் கிட்னி. உள்ளார வச்சி தைக்க சொல்லோ பத்திரமா வச்சாங்க இல்ல? இப்ப எதுக்கு அத்த போய் குத்தணும்? பூந்தொட்டியில செடி வச்சிட்டு, வேர் வுட்டுதான்னு புடுங்கி பாப்பாங்களா?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"எப்படிமே சொல்றது? நீ சென்சிட்டிவ் பேஷண்ட்டு. டாக்டரே சொல்லிக்கீறாங்க. பயாப்சின்னு சொன்னா அங்கியே உயிர உட்ருவே நீ."

எனக்குக் கோபம் வந்ததா, பயம் வந்ததா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. காது அடைத்துக்கொண்டது. அக்கா சோடா உடைத்துக் கொடுத்தாள். அவள் பேசியதில் தப்பு இருப்பதாகவும் தோன்றவில்லை. ரிசல்ட் எல்லாம் நல்லா இருக்கிறது என்று வாரா வாரம் சொன்னவர்கள் எதற்குக் குத்த வேண்டும்? ஒன்று, அவர்கள் சொன்னது பொய். இல்லை, இது தேவையில்லாத வேலை. இரண்டில் எது? வீட்டுக்கு வந்து இவரிடம் சண்டை போட்டேன். இவர், "உன் நல்லதுக்குத்தான்மே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். காலையில் அவர் வண்டிக்குப் போனதும் நான் தனியாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். என் வாழ்க்கையில் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனது அதுதான் முதல் தடவை.

பெரிய டாக்டரம்மா லீவு முடிந்து வந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "ஊர்லேர்ந்து வந்தாச்சா?" என்று கேட்டார். எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நான் சென்சிட்டிவ் பேஷண்ட் என்பதால் வீட்டில் மறைத்தது, பெரியப்பா, தீபாவளி, பூந்தொட்டி எல்லாம்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சென்சிட்டிவ்னு நான் எப்பம்மா சொன்னேன்?"

"நீங்கதான் டாக்டர். மத்தவங்க மாதிரி இல்ல, ஜாக்கிரதையா பாத்துக்கணும்னு."

"ஐயோ" என்றார். அப்புறம் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நான் சொன்னது உங்க மனசை இல்லம்மா. உங்க ரத்தத்தை. அது ஏற்கெனவே வெளியாளைப் பாத்துப் பழகின ரத்தம். புதுசா ஒரு கிட்னி வந்தா மத்தவங்களைவிட சீக்கிரமா சண்டைக்குக் கிளம்பும். அதைத்தான் சென்சிடைஸ்ட்னு சொல்வோம்."

"ரிசல்ட்டு நல்லா கீதுன்னாங்களே?"

"நல்லாத்தான் இருக்கு. உள்ளே சண்டை ஆரம்பிச்சாலும் கிரியாட்டினின்ல உடனே தெரியாது. அது ஏறி நமக்குத் தெரியும்போது கிட்னியில ஒரு பகுதி போயிருக்கும். போனது திரும்பாது. அதனாலதான் உங்களை மாதிரி இருக்கறவங்களுக்கு, எல்லாம் நல்லா இருக்கும்போதே ஒரு துளி எடுத்துப் பாக்கறோம். மூத்திரத்துல ரத்தம் கொஞ்சம் வரலாம். அதிகமா வர்றது அபூர்வம். வந்தாலும் இங்கதான் இருப்பீங்க."

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் நல்லா இருக்கும்போதே பயப்பட வேண்டும் என்று ஒரு படித்தவர் என்னிடம் சொல்கிறார். கேஸ் மூடியிருக்கும்போதே போய்ப் பார்க்க வேண்டும் என்கிறார். என் ஆயுசு முழுக்க இதற்குத்தானே என்னைக் கேலி செய்தார்கள்? அம்மா திட்டினாள், கம்பெனியில் சிரித்தார்கள், இவர் தலையில் அடித்துக்கொண்டார். வயிற்றில் ஊசி விடப்போகிறார்கள் என்கிற பயத்துக்கு நடுவில், எனக்கு ஒரு நொடி தெம்பு வந்தது. நாளைக்கே வந்து படுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வெளியே வந்து, சொன்னது சரியா என்று பஸ்ஸில் வழி முழுக்க யோசித்தேன்.

அக்காவுக்கு நான் சொல்லவில்லை. இவர் சொல்லியிருப்பார். மறுநாள் என்னை மேஜையில் மல்லாக்கப் படுக்கவைத்து, அடிவயிற்றில் ஜெல் தடவி, ஸ்கேன் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது கதவுக்கு வெளியே அவள் குரல் கேட்டது. உள்ளே விடமாட்டோம் என்று நர்ஸ் சொல்லச் சொல்ல, அவள் கதவிடுக்கில் தலையை விட்டாள்.

"டாக்டர், பாத்து குத்துங்க. நம்மளுதுதான் அது."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "சரிம்மா, உங்களுதுதான். கேட்டுட்டேதான் குத்தறேன். கதவைச் சாத்துங்க."

மரத்துப்போக ஊசி போட்டார்கள். அப்புறம் ஒரு நீள ஊசி, துப்பாக்கி மாதிரி ஒன்றில் மாட்டியிருந்தது. மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள். 'டக்' என்று ஒரு சத்தம், ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி. இன்னொரு தடவை. டாக்டரம்மா ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே மிதந்தது. நான் கம்பெனியில் வெட்டிப்போட்ட பிசிறு அளவுகூட இல்லை. இதற்காகவா ஊருக்குப் போயிருந்தோம்?

குத்திய இடத்தில் கனம் வைத்துக் கட்டி, சாயங்காலம் வரைக்கும் அசையாமல் படுக்க வேண்டும் என்றார்கள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அடிக்கடி மூத்திரப் பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முதலில் லேசாகச் சிவந்து, அப்புறம் தெளிந்தது. அந்தப் பையைத் தவிர அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. என்னிடம் கோபம், டாக்டரிடம் கோபம், தன்னிடமும் கோபம் இருந்திருக்கும். எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுக்கும்போது மட்டும், கொட்டையை எடுத்துவிட்டுக் கொடுத்தாள்.

ரிசல்ட் சொல்கிற அன்று மூன்று பேரும் போனோம். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

"ஆரம்பிச்சிருக்கு" என்றார்.

கிட்னிக்குள் இருக்கிற நூல் மாதிரி ரத்தக் குழாய்களில் என் எதிர்ப்பு போய் உட்கார்ந்திருக்கிறது. வீக்கம் தெரிகிறது. கிரியாட்டினின் அன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது. அந்த நம்பரைச் சுட்டிக்காட்டி, "இதை மட்டும் பாத்துட்டு இருந்தா நமக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார்.

என் வீட்டுக்காரர்தான் கேட்டார். நான் கேட்க நினைத்து, வாய் வராமல் இருந்ததை. "நாங்க லேட்டு பண்ணோமே டாக்டர். அதாலதானா?"

"முன்னாடியே எடுத்திருந்தா இன்னும் கம்மியா இருந்தப்பவே பிடிச்சிருக்கலாம். அப்ப எடுத்திருந்தா ஒண்ணும் தெரியாமலும் இருந்திருக்கலாம். என்னால சொல்ல முடியாது."

அக்கா தலை நிமிரவே இல்லை.

மறுபடி அட்மிட் ஆனேன். மறுபடி மெஷின், பிளாஸ்மா, ஸ்டீராய்டு. முகம் பூசணிக்காய் மாதிரி ஊதியது. அக்கா கடையைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவள் கடையைப் பூட்டி நான் பார்த்ததில்லை. மாமா போனபோதுகூட காரியம் முடிந்த மறுநாள் அடுப்புப் பற்றவைத்தவள். ஒரு நாள் ஊதிய என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "நான்தான்மே குத்த வேணான்னேன்" என்றாள். இல்லைக்கா என்று சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை, ஆமாம் என்று சொல்லவும் வரவில்லை. தண்ணி கொடு என்றேன்.

அந்தச் சண்டையை அடக்கிவிட்டார்கள். கிட்னி பிழைத்துக்கொண்டது. ஆனால் டாக்டரம்மா சொன்ன அந்த இரண்டு 'இருந்திருக்கலாம்' எனக்குள் அடங்கவில்லை. மெஷினில் தைக்கும்போது, அரிசி களையும்போது, ஒரு 'இருந்திருக்கலாம்' இந்தப் பக்கம் இழுக்கும், இன்னொன்று அந்தப் பக்கம். இவர்களைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

அதெல்லாம் நடந்து சில வருஷம் ஆகிவிட்டது. இப்போது இவர் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறார். சூப்பர்வைசரின் குடும்பத்தைப் பற்றி நானும் தெரிந்துகொள்கிறேன். மகள் படிப்பை முடித்து பெரம்பூரில் வேலைக்குப் போகிறாள். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "இது போச்சுன்னா அடுத்தது நான் தர்றேம்மா" என்றாள். இதை டாக்டரம்மாவிடம் நான் கேட்டேன். பெற்ற பிள்ளை என்பதாலேயே அவளுக்கு எதிராகவும் உங்கள் ரத்தத்தில் இருக்கலாம், ஒத்துவருவது கஷ்டம் என்றார். கடவுளே, நல்லவேளை என்று நினைத்தேன். மகளிடம் சொன்னபோது, அவள் அப்பா அன்றைக்கு டீயை ஊற்றியபோது வைத்திருந்த அதே முகம் அவளுக்கு.

போன மாதம் கிரியாட்டினின் லேசாக ஏறியது. மறுபடி பயாப்சி. இந்தத் தடவை அக்காதான் ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்து நின்றாள். ரிசல்ட் வாங்க நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். அக்காவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன்.

சண்டை பெரிதாக இல்லை, ஆனால் கிட்னிக்குள் தழும்பு கூடியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. ஆரம்பத்திலேயே அந்த வீக்கம் வந்தவர்களுக்கு, வராதவர்களைவிடக் கிட்னி சீக்கிரம் சோர்ந்துபோக வாய்ப்பு அதிகம். கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் இவ்வளவு நாள் ஓடியிருக்குமா என்பது சந்தேகம்.

"இன்னும் எத்தினி வருசம் டாக்டர்?"

"நான் ஒரு நம்பர் சொன்னா நீங்க இன்னிக்கே எண்ண ஆரம்பிச்சிடுவீங்க. எனக்கும் தெரியாது. மாத்திரை விடாதீங்க. சொல்ற தேதிக்கு வாங்க."

பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. அக்கா கேட்பதற்கு முன்னால் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தழும்பு, சோர்வு, நம்பர் சொல்லாதது எல்லாம். ராயபுரம் பாலம் வருகிற வரை அவள் டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்தாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வந்த எடத்துல அதுவும் பாவம் எவ்ளோ அடி வாங்கிகீது" என்றாள். "என்கிட்டயே இருந்திருந்தா ஜாலியா இருந்திருக்கும்."

"உன்கிட்ட கீறது எப்படி கீதுக்கா?"

"அதுக்கு இன்னா? ராஜா மாறி கீது."

"யார் சொன்னது? கடைசியா எப்ப செக்கப்புக்குப் போனே?"

அவள் கண்டக்டரைப் பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள். "போனேன்" என்றாள்.

"எப்போ?"

"அதான், ஆபரேஷன் ஆன அடுத்த வருசமோ இன்னாவோ."

கிட்னி கொடுத்தவர்கள் வருஷா வருஷம் வந்து பார்க்க வேண்டும் என்று என்னை வைத்துக்கொண்டுதான் சொன்னார்கள். என் ரத்தம், என் நம்பர் என்று நான் அலைந்ததில், அவளைக் கேட்க வேண்டும் என்று இத்தனை வருஷம் தோன்றவே இல்லை. ஸ்டாப்பிங் வந்ததும் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"எறங்கு."

"இன்னாமே? நம்ம ஸ்டாப்பு இன்னும் வர்ல."

"எறங்குக்கா. ஆஸ்பத்திரில ரத்தம் எடுக்குற கவுன்டர் மூடறதுக்குள்ள போயிரலாம்."

"லூசாமே நீ? கடைக்கு மாவு ஆட்டணும். நல்லாத்தானே கீறேன், இன்னிக்கே இன்னா அவசரம்?"

டிக்கெட் போச்சு, கழுத்தறுப்பு என்று திட்டிக்கொண்டேதான் இறங்கினாள். கன்டெய்னர் வண்டிகள் இடைவெளி விடாமல் போய்க்கொண்டிருந்தன. கையைக் காட்டிக்கொண்டே அவளை இழுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்க ஸ்டாப்பிங்கில் போய் நின்றோம். ஒரு பஸ் வந்து, கூட்டமாக இருக்கிறது என்று நிற்காமல் போனது. அக்கா, "பாரு, அவனுக்கே புடிக்கல" என்றாள். நான் அடுத்த பஸ்ஸின் நம்பர் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கையை நான் விடவில்லை.